நம்பர் ரசிகர்

ஊருக்கு ஒருவராவது இப்படி இருப்பார். கல்யாண மண்டபத்து வாசலில் எல்லோரும் பெண் வீட்டுச் சீர்வரிசையை எடை போட்டுக்கொண்டிருக்க, இவர் மட்டும் நிறுத்தியிருக்கும் வண்டிகளின் நம்பர் பிளேட்டுகளைப் பார்த்துக்கொண்டே நடப்பார். யாரோ ஆர்.டி.ஓ. ஆபீஸ்காரர் என்று டிரைவர்கள் பீடியை அணைப்பார்கள். இவர் மனசுக்குள் ஓடுவதோ வகுத்தல் கணக்கு.

பாவம், ஊர் இவரை நியூமராலஜிஸ்ட் என்றே நம்புகிறது.

"சார், புது வண்டி எடுத்திருக்கேன், 4913. கூட்டினா பதினேழு, அதையும் கூட்டினா எட்டு. ஏதாவது கெடுதலா சார்?"

"கெடுதலா? லட்டு மாதிரி நம்பர் தம்பி! பதினேழை மூணு தடவை பெருக்குங்க, 4913. அதோட இலக்கங்களைக் கூட்டினா மறுபடி அதே பதினேழு. பூஜ்யத்தை விட்டுட்டா, இந்த மாதிரி உலகத்துலேயே ஆறு நம்பர்தான்!"

தம்பி காதில் விழுந்தது 'எட்டு' மட்டும்தான். அடுத்த மாதமே வண்டியை விற்றுவிட்டார். ரசிகர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

ராமானுஜனின் 1729ஐச் சொல்லி இவரிடம் பெயர் வாங்க முடியாது. இரண்டு கன எண்களின் கூட்டாக இரண்டு விதத்தில் எழுதலாம் என்பதெல்லாம் இவருக்குப் பழைய செய்தி. இலக்கங்களைக் கூட்டினால் 19, அதைத் திருப்பிப் போட்டால் 91, இரண்டையும் பெருக்கினால் 1729. இதைச் சொல்லும்போதுதான் முகம் மலரும்.

ஆனால் குலதெய்வம் 3816547290. பூஜ்யம் முதல் ஒன்பது வரை எல்லா இலக்கமும் ஒரே ஒரு முறை. முதல் இரண்டு இலக்கம் 38, இரண்டால் வகுபடும். 381 மூன்றால், 3816 நான்கால், 38165 ஐந்தால்... இப்படியே போய் முழு எண்ணும் பத்தால் வகுபடும். 3816547ஐ ஏழால் வகுத்து 545221 வரும் இடத்தில் இவருக்குக் குரலே தழுதழுக்கும். பத்து இலக்கமும் ஒவ்வொரு முறை வரும் பத்திலக்க எண்கள் 32,65,920; அத்தனையிலும் இந்தக் குணம் இது ஒன்றுக்குத்தான். பத்து இலக்கம் ஆயிற்றே, செல்போன் நம்பராக வாங்கிவிடலாம் என்று கடைக்கே போய்ப் பார்த்தார். நம் நாட்டில் செல்போன் நம்பர் ஆறுக்குக் கீழே தொடங்காது என்று கடைப் பையன் சொன்னதிலிருந்து தொலைத்தொடர்புத் துறைமேல் தீராத கோபம்.

பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தால் நான்கு இலக்க எண் ஒன்று கேட்பார். 3524 என்றால் போச்சு. இலக்கங்களை இறங்குவரிசையில் அடுக்கி, ஏறுவரிசையில் அடுக்கியதைக் கழிக்கச் சொல்வார்: 5432–2345, 3087. மறுபடி 8730–0378, 8352. மறுபடி 8532–2358, 6174. இனி எத்தனை முறை கழித்தாலும் 6174தான். நாசிக் பக்கம் தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த காப்ரேகர் கண்டுபிடித்தது. எந்த எண்ணும் ஏழு கழித்தலுக்குள் அங்கே வந்து நிற்கும். அதற்குள் உங்கள் ஸ்டாப்பிங் போயிருக்கும்.

இவரிடம் மாட்டிக்கொண்டால் யோசிக்காமல் 7777 என்று சொல்லிவிடுங்கள். நான்கும் ஒரே இலக்கமானால் முதல் கழித்தலிலேயே பூஜ்யம், இறங்கிவிடலாம்.