பருந்துக்குப் பங்கு போக

கேள்வி: 10 குஞ்சு பொரிக்கும் நாட்டுக்கோழியிடம் ஒரு மாதத்தில் 3 தான் மிஞ்சுகிறதே, ஏன்? (ஒரு வாசகி, திண்டிவனம்)

பதில்: கோழி மிதித்துக் குஞ்சு சாகாது, சரி. வட்டமிடும் பருந்துக்கும் வேலியோரக் கீரிக்கும் அந்தப் பழமொழி தெரியாதே! ஆனால் அவை தூக்குவது ஒன்றிரண்டுதான்.

கொத்தாக வாரிக்கொண்டு போவது வெள்ளைக் கழிச்சல். குமாவுன் மலையூர் ராணிக்கெட்டின் பெயரையே நோய்க்கு வைத்துவிட்டார்கள், பாவம் அந்த ஊர். குஞ்சு இறக்கையைத் தொங்கவிட்டு மூலையில் தூங்கி வழியும். பச்சையும் வெள்ளையுமாகக் கழியும். சிலவற்றுக்குக் கழுத்தே திருகிக்கொள்ளும். வந்தபின் குணப்படுத்த மருந்து கிடையாது.

வருமுன் உண்டு. 7ஆம் நாள் கண்ணிலோ மூக்கிலோ லசோட்டா தடுப்பு மருந்து ஒரு சொட்டு, 8ஆம் வாரம் இறக்கையில் ஊசி. கால்நடை பராமரிப்புத் துறை முகாம்களில் இலவசம்.

முகாமன்று காலையில் கோழியைத் துரத்தித் தெருவெல்லாம் ஓடாமல், முந்தின இரவே பஞ்சாரத்தில் கவிழ்த்துவிடுங்கள்.