கல் எறிய வரிசையில் வரவும்

பிறரைத் தீர்ப்பிடாதீர்கள் என்று மலைமேல் உட்கார்ந்து சொன்னவருக்குக் கல்லூரி நடத்திய அனுபவம் கிடையாது. கோதமங்கலம் மறைமாவட்டத்துக்கு உண்டு. இடுக்கி மாவட்டம் தொடுபுழையில் இருக்கும் நியூமன் கல்லூரி அவர்களுடையது.

2010 மார்ச்சில் அங்கே மலையாளப் பேராசிரியர் டி.ஜே. ஜோசப், பி.காம் வினாத்தாளில் ஓர் உரையாடலைக் கொடுத்து நிறுத்தக்குறி இடச் சொன்னார். சினிமா இயக்குநர் பி.டி. குஞ்ஞு முகமதின் கட்டுரையிலிருந்து எடுத்தது. அதில் கடவுளோடு பேசும் பைத்தியக்காரனுக்கு முகமது என்று அந்த எழுத்தாளரின் பெயரையே வைத்தேன் என்றார். யார் கேட்டார்கள்? நபிகளைப் பழித்தார் என்று ஊர் கொதித்தது. கல்லூரி இடைநீக்கம் செய்தது, போலீஸ் கைது செய்தது. ஜூலை 4, ஞாயிறு. பூசை முடிந்து தாயோடும் கன்னியாஸ்திரியான சகோதரியோடும் காரில் திரும்பியவரை மூவாற்றுப்புழையில் மறித்து, பாப்புலர் ஃப்ரண்ட் என்ற இஸ்லாமிய அமைப்பின் ஆட்கள் வலது கையை வெட்டி எறிந்தார்கள்.

வெட்டிய கும்பலில் பலரை நீதிமன்றம் 2015இலும் 2023இலும் தண்டித்தது. கையிழந்தவரைக் கைகழுவியவர்களை எந்தக் கோர்ட்டில் நிறுத்துவது?

அதே 2010 செப்டம்பரில், காயம் ஆறுமுன்பே, நிர்வாகம் அவர் வேலைக்கு முற்றுப்புள்ளி வைத்தது. குற்றம்: பிற மதத்தார் மனத்தைப் புண்படுத்தியது. கோடாரி சொன்ன தீர்ப்பை லெட்டர்பேடில் எழுதி முத்திரை குத்தினார்கள், அவ்வளவுதான். அது நியாயமே என்று தேவாலயங்களில் சுற்றுமடல் வேறு வாசித்தார்கள். மன்னிப்பைப் பற்றிப் பிரசங்கம் செய்யும் அதே பீடத்திலிருந்து!

அதே மாதம் 19ஆம் தேதி பர்மிங்காமில், கல்லூரிக்குப் பெயர் தந்த கர்தினால் நியூமனுக்குப் போப்பாண்டவர் பதினாறாம் பெனடிக்ட் அருளாளர் பட்டம் கொடுத்தார். முதல் மரியாதை மனச்சாட்சிக்கு, போப்பாண்டவருக்கு அப்புறம்தான் என்று எழுதிய மனிதர் அவர். நல்லவேளை, தொடுபுழையில் அவர் வாத்தியாராக இல்லை.

2013 நவம்பரில் தொடுபுழை நீதிமன்றம் ஜோசப்பை வழக்கிலிருந்து விடுவித்தது. வெறும் உலக நீதிமன்றம்தானே? மறைமாவட்டம் மசியவில்லை. வீட்டில் சம்பளம் இல்லை, ஆதரவாக நிற்க சபையும் இல்லை. 2014 மார்ச் 19 அன்று அவர் மனைவி தன் உயிரை மாய்த்துக்கொண்டார்.

ஊர் காறித் துப்பிய பிறகு மனிதாபிமானம் வந்தது. மார்ச் 28, வெள்ளிக்கிழமை, மறுபடி வேலை. அடுத்து சனி, ஞாயிறு. திங்கள், 31ஆம் தேதி, பணி ஓய்வு. ஒன்பதே நாளில் முடிந்த காரியம் இது. அதற்கு முந்தைய மூன்றரை வருடத்தில் முடியாமல் போனதற்கு ஒரே காரணம், அதுவரை அந்த வீட்டில் பிணம் விழவில்லை.

வெட்டியவர்கள்மேல் தனக்குப் பகையில்லை, அவர்கள் வெறும் கருவிகள் என்றார் ஜோசப். மலைப்பொழிவு புரிந்த ஆள் அந்தக் கல்லூரியில் ஒருவராவது இருந்திருக்கிறார். அவரைத்தான் வேலையை விட்டு நீக்கினார்கள்.