மாநிறம் என்றால் என்ன நிறம்?

கேள்வி: மகனுக்குப் பெண் பார்க்கிறோம். வரன் குறிப்புகளில் 'மாநிறம்' என்கிறார்களே, அது எவ்வளவு கறுப்பு?
– ஒரு வாசகி, ராஜா அண்ணாமலைபுரம்.

பதில்: கல்யாணச் சந்தையில் எல்லா நிறமும் ஒரு படி ஏற்றித்தான் விற்கப்படும், அம்மா. மாநிறம் என்றால் கறுப்பு, சிவப்பு என்றால் மாநிறம், 'களையான முகம்' என்றால் நிறத்தைக் கேட்காதீர்கள் என்று அர்த்தம். மாப்பிள்ளைக்கு இந்தத் தொல்லையே இல்லை. அவருக்குச் சம்பளம்தான் நிறம்.

நமக்கு மட்டும் வந்த நோய் என்று நினைக்காதீர்கள். வெள்ளையரின் நிறவெறியில் அடிபட்ட அமெரிக்கக் கறுப்பின மக்களிடையேயே, பழுப்புக் காகிதப் பையைவிடத் தோல் கறுத்தவர்களை உள்ளே விடாத மன்றங்கள் ஒரு காலத்தில் இருந்ததாகச் சொல்வார்கள். நம்மூரில் பைச் செலவு மிச்சம், பெண் பார்க்க வரும் அத்தையின் கண்ணே போதும்.

1975 முதல் இங்கே விற்ற சிவப்பழகு க்ரீம் 'ஃபேர் அண்ட் லவ்லி', 2020-ல் அமெரிக்கக் கறுப்பினத்தவரான ஜார்ஜ் ஃப்ளாய்ட் போலீஸ்காரரால் கொல்லப்பட்டதும் எழுந்த கொந்தளிப்பில் 'க்ளோ அண்ட் லவ்லி' ஆனது. பெயர்தான் வெளுத்தது! அதே ஆண்டு ஷாதி டாட் காம் என்ற திருமண இணையதளம் நிறம் பார்த்து வரன் தேடும் வசதியை நீக்கியது. நம் சென்னையின் 'விமன் ஆஃப் வொர்த்' அமைப்போ 2009-லேயே 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' இயக்கத்தைத் தொடங்கிவிட்டது.

பெண்ணின் நிறத்தை விசாரிக்கும் முன், உங்கள் மகனின் பவுடர் பூசாத போட்டோ ஒன்றை அவர்களுக்கு அனுப்பிவையுங்கள்.