பச்சை எரியுது, சில்லு நிக்குது

மோட்டரில கிடக்கிற லைற்றுக்குக் கோட் எழுதி நிறம் மாத்திப்போட்டன் எண்டு துள்ளுறாய், என்ன மோனை? துள்ளு. கியூபெக் சென்ட் லோரன்ட் குளிருக்குத் துள்ளினால்தான் உடம்பு சூடேறும். வனியர் கொலிஜில இருந்து கோட் வெர்து மெற்றோ மட்டும் துள்ளிக்கொண்டு போ. ஆர் வேண்டாமெண்டது?

ஒண்டே ஒண்டு கேக்கிறன். மோட்டர் சுத்துதோ?

பாத்தியே, முகம் சுருங்குது. சுத்தேல்லை. லைற் மட்டும் ஒருக்காக் கத்தரிப்பூ நிறத்தில, ஒருக்காப் பச்சையாச் சோக்கா எரியுது. சிவப்புக்கு 256 படி, பச்சைக்கு 256, நீலத்துக்கு 256. பெருக்கிப் பார்த்தால் 1 கோடியே 67 லட்சத்துக்கு மேல நிறமாம். இதைக் கொம்மாவுக்குச் சொல்லிப்போடாதை. ஒரு சீலைக்கு நிறம் தெரிய விடிய வெளிக்கிட்டுப் பொழுதுபடத் திரும்பிற மனுசி. கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் காட்டினானாம். அவனும் உன்னைப்போல ஒரு எஞ்சினியராத்தான் இருந்திருப்பான்.

அந்த நீலத்தை லேசா நினையாதை. சிவப்பு எல்ஈடியை ஹொலோன்யாக் எண்ட மனுசன் 1962இலயே எரிய வைச்சிட்டார். நல்லா வெளிச்சம் தாற நீலம் வர 1990கள் ஆச்சுது. அதுக்காகத்தான் அகசாகி, அமானோ, நகமுரா எண்ட மூண்டு பேருக்கு 2014இல நோபல் பரிசு குடுத்தவங்கள். முப்பது வருசம் உலகம் தவங்கிடந்து எடுத்த நீலம். நீ அதை வைச்சு ஓடாத மோட்டருக்குப் பொட்டு வைக்கிறாய்.

போன கிழமை "அப்பு, சிவப்பெண்டு எழுதினால் பச்சை எரியுது, கொம்பியூட்டருக்குள்ள பேய்" எண்டு வந்து நிண்டியே. பேயுமில்லைப் பிசாசுமில்லை. டபிள்யூஎஸ்2812 வகை லைற்றுக்கு முதல் பச்சையின்ர கணக்கை அனுப்பவேணும், பிறகு சிவப்பு, கடைசியா நீலம். நாலுகால் லைற்றிலயும் இப்பிடியொரு சூட்சுமம் இருக்கு. நெட்டைக்கால் பொதுக்கால். அதைப் பிளஸ்ஸில கொழுவிற வகையெண்டால் 255 எண்டு எழுத அணையும், 0 எண்டு எழுத முழுசா எரியும். பெட்டியோட வந்த கடதாசியில இதெல்லாம் கிடக்கு. வாசிக்கிற வழக்கம் இருந்தால்தானே.

இப்ப உன்ர கோட்டைக் காட்டு. முதல் வரியில மோட்டருக்கு "முன்னுக்குப் போ" எண்டு கட்டளை. அடுத்த வரியில லைற்றுக்கு "பச்சை". நடுவில மோட்டரை ஒரு வார்த்தை கேட்டியோ? சில்லுக்குள்ள நூல் சிக்கி நிக்குது. சுத்திற மோட்டர் தானாவே ஒரு எதிர் வோல்ற்றை உண்டாக்கிக் கரண்டை அடக்கி வைக்கும். நிண்டுபோனால் அந்தத் தடை இல்லை. இழுக்கக்கூடிய கரண்ட் முழுக்க இழுக்கும், சுருள் கொதிக்கும், கருகல் மணக்கும். உன்ர லைற் என்ன சொல்லுது? பச்சை! நீ கட்டளை போட்டனி எண்டுதான் அது சொல்லுது. மோட்டர் கேட்டுதெண்டு சொல்லேல்லை.

சிரிக்காதை. பெரிய படிப்புப் படிச்சவங்களும் இதிலதான் விழுந்தவங்கள். 1979 மார்ச் 28, அமெரிக்காவில பென்சில்வேனியா, திறீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையம். விடியப்புறம் நாலு மணி. அமுக்கம் கூடித் திறந்த ஒரு வால்வு பூட்டுப்படாமல் இறுகிப்போச்சு. பலகையில லைற் அணைஞ்சுது. வால்வு பூட்டிட்டுதெண்டு எல்லாரும் நம்பினாங்கள். உண்மையில அந்த லைற் வால்வைப் பார்க்கிற லைற்றே இல்லை. வால்வுக்குப் போற கரண்ட் நிண்டதை மட்டும் காட்டிற லைற். ரெண்டு மணித்தியாலத்துக்கு மேல குளிராக்கிற தண்ணி வெளியால ஓடினது. உலையின்ர நடுப்பகுதியில அரைவாசிக்குக் கிட்ட உருகிப்போச்சு. உன்ர ரெண்டு வரியும் அந்தப் பலகையும் ஒண்டுதான் மோனை. உனக்கு நூல் சிக்கினது, அவங்களுக்கு வால்வு.

பொய் சொல்லாத லைற்றும் இருந்தது மோனை. 1990இல யாழ்ப்பாணத்தில கரண்ட் போனதுக்குப் பிறகு சைக்கிளைக் கவிட்டுப்போட்டு, பெடலைக் கையால சுத்தி, டைனமோவில றேடியோ கேட்ட சனம் நாங்கள். பிபிசி தமிழோசை தொடங்க, சுத்திறதுக்குப் பொடியளுக்குள்ள அடிபாடு. அந்த டைனமோவில ஒரு பல்ப்பைக் கொழுவிப் பார். சில்லு வேகமாச் சுத்தினால் வெளிச்சம், மெதுவாச் சுத்தினால் மங்கல், நிண்டால் இருட்டு. அதுக்குக் கோட் எழுத ஆருமில்லை, அதால பொய் சொல்லவும் வழியில்லை.

அந்த அணு உலை கிடந்த அதே பென்சில்வேனியாவில, பிட்ஸ்பேர்க்கில, ஹெபி றோபோட்டிக்ஸ் எண்டொரு கொம்பனி. கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆக்கள் 2014இல தொடங்கினது. மோட்டர், பற்சில்லு, என்கோடர் எல்லாம் ஒரு கூட்டுக்குள்ள அடக்கின மொடியூல் செய்யிறாங்கள். அதில ஒரு நிற லைற்றும் உண்டு. ஒரே வரியில நிறத்தை மாத்தலாம். ஒரே மாதிரி ஆறேழு மொடியூலைக் கோத்து ஒரு கை செய்தாய் எண்டு வை. எது மூண்டாவது? அதுக்கு மட்டும் நீலம் போட்டுப் பார், ஆளைப் பிடிச்சிடலாம். அது வேலை! ஆனால் கவனி. நீ நிறம் போட்டு வைச்சிருக்கிற மட்டும் மொடியூல் தன்ர நிலைமையை அந்த லைற்றில சொல்ல ஏலாது. வேலை முடிஞ்ச கையோட லைற்றை அதுகிட்டயே திருப்பிக் குடுத்திடவேணும். நீ குடுக்க மாட்டாய், ஊதா வடிவா இருக்கெல்லோ.

கோட்டைத் திருத்து. கட்டளை குடுத்து அரைச் செக்கன் பொறு. சில்லு சுத்தினதை எண்ணிற என்கோடரைக் கேள். எண் மாறினால் பச்சை. எண் மாறாமல் கரண்ட் மட்டும் ஏறினால் முதல் மோட்டரை நிப்பாட்டு, பிறகு சிவப்பு. லைற்றை மாத்திப்போட்டுத்தான் மோட்டரை நிப்பாட்டுவன் எண்டு அடம்பிடியாதை.

வெளியில தெருவில நிக்கிற சிக்னலையும் ஒருக்கா அண்ணாந்து பாரன். கியூபெக்கில படுக்கையா நிக்கிற சிக்னலில சிவப்பு சதுரம், மஞ்சள் சாய்சதுரம், பச்சை வட்டம். ஏன்? ஐரோப்பிய வழி ஆம்பிளையளில 12 பேருக்கு ஒராள் அளவில சிவப்பு பச்சை பிரிச்சறியக் கஸ்ரப்படுகிறவை. உன்ர வாத்தியார் அந்த ஒராள் எண்டால் உன்ர 1 கோடியே 67 லட்சமும் அவருக்கு என்னத்துக்கு? பிழையெண்டால் லைற்றை மினுக்கு, சரியெண்டால் ஆடாமல் எரியவிடு. ரெண்டு வரி காணும். போ, போய் முதல் அந்த நூலை எடு. கருகல் மணம் இஞ்ச மட்டும் வருது.