கறுப்புக்கும் கருஞ்சிவப்புக்கும் நடுவே 240 பவுண்டு

பாயிரம்

ஷூ இரண்டு காலுக்கும் சேர்த்தே விற்கப்படும் என்பது எல்லாரும் ஒப்ப முடிந்தது. அதன் விலை எத்தனை பேருக்குச் சேர்த்து வாங்கப்படுகிறது என்பதில்தான் இன்னும் தெளிவில்லை. அதைத் தெளிவிப்பதே இந்த ஆய்வின் நோக்கம்.

ஆய்வுக்களம் இங்கிலாந்தின் நார்த்தாம்ப்டன். உள்ளூர்க் கால்பந்து அணியின் பட்டப்பெயரே ‘காப்ளர்ஸ்’, அதாவது செருப்புத் தைப்பவர்கள். 1879-இல் தொடங்கிய கிராக்கெட் அண்ட் ஜோன்ஸ், 1890-இல் தொடங்கிய எட்வர்ட் கிரீன் போன்ற பெயர்கள் இந்த ஊருக்கு உரியவை. ஒரு ஜோடி முழுமை பெற 200-க்கும் மேற்பட்ட வேலைப்படிகளும் ஏறக்குறைய எட்டு வாரமும் ஆகும்.

ஆய்வுப்பொருள், ஆர்டர் கொடுத்துச் செய்விக்கும் ஷூ. காலை அளந்து, அதற்கென்றே மரத்தில் அச்சு செதுக்கித் தைக்கும் ஷூ வேறு. இங்கே அச்சும் வடிவமும் தொழிற்சாலையில் முன்பே உள்ளவை. வாங்குபவர் தோலையும் நிறத்தையும் அடிப்பாகத்தையும் மட்டும் தேர்ந்தெடுப்பார். டெய்லர் கடையை மனத்தில் வைத்துக்கொண்டு படிப்பவருக்கு ஆய்வு பிழைபடும்.

கணக்கு

சில்லறை வணிகத்தில் ‘கீஸ்டோன்’ என்றொரு வழக்கம் உண்டு. கொள்முதல் விலை எதுவோ, அதைப் போல் இரண்டு மடங்கு விற்பனை விலை. கணக்குக்காக, கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் கறுப்பு ஜோடியின் விலை 1,200 பவுண்டு என்று கொள்வோம். பிரிட்டனில் மதிப்புக்கூட்டு வரி 20 சதவீதம். ஆகவே 200 பவுண்டு அரசுக்கு. மிச்சம் 1,000. பாதி கடைக்கு, பாதி தொழிற்சாலைக்கு.

வாங்க வந்தவருக்கோ கருஞ்சிவப்பில் ஆசை. கூட்டமாகப் போகும் வேலையை நிறுத்தி, ஒரே ஒரு ஜோடிக்குத் தனித் தோல் எடுத்து வெட்டி, நூலின் நிறத்தையும் மாற்ற வேண்டும். இதற்குத் தொழிற்சாலை 100 பவுண்டு கூடுதலாகக் கேட்டால் அதில் தப்பில்லை. கடை தன் வழக்கப்படி அந்த நூறையும் இரட்டித்தால் 200. அதன்மேல் வரி 40. ஆக, நிறம் மாறியதற்கு 240 பவுண்டு. தோலை வெட்டியவர்களுக்கு 100, வரி வாங்கியவர்களுக்கு 40, படிவத்தில் ‘கருஞ்சிவப்பு’ என்ற கட்டத்தில் டிக் அடித்தவர்களுக்கு 100.

தடையும் விடையும்

அற்றேல், கடை என்றால் வாடகை உண்டே, எல்லா அளவிலும் சரக்கை அடுக்கிவைக்க வேண்டுமே, விற்காததைத் தள்ளுபடியில் தள்ள வேண்டுமே எனின், உண்மை. இரட்டிப்பு விலையின் நியாயமே அந்தச் சரக்கு அபாயம்தான். ஆனால் ஆர்டர் ஷூவில் சரக்கே கிடையாது. அலமாரியில் அது ஒருநாளும் தூசி படிந்து கிடப்பதில்லை. வாங்குபவர் யார் என்பது தோலை வெட்டுவதற்கு முன்பே தெரியும், முன்பணமும் வந்திருக்கும்.

சட்டமும் கடையின் பக்கமே. இணையத்தில் வாங்கிய பொருளைப் பிடிக்கவில்லை என்றால் 14 நாளுக்குள் வேண்டாம் என்று சொல்ல பிரிட்டனின் 2013 நுகர்வோர் ஒப்பந்த விதிகள் இடம் தருகின்றன. வாங்குபவரின் விருப்பப்படி செய்த பொருளுக்குப் பொதுவாக அந்த உரிமை இல்லை. கடைக்காரர் தலையிலிருந்த பாரம் வாங்குபவர் தலைக்கு மாறிவிட்டது. சுமைகூலி மட்டும் கடைக்காரரிடமே நின்றுவிட்டது.

இனி, காலுக்கு எந்த அளவும் அகலமும் பொருந்தும் என்று சொல்லும் அறிவுக்கு விலை இல்லையா எனின், உண்டு. அது கடைக்குப் போன முதல் 500 பவுண்டுக்குள் அடங்கிவிட்டது. காலின் அளவு நிறத்தைப் பொறுத்து மாறுவதாக எந்த உடற்கூற்று நூலிலும் இல்லை.

இன்னொரு அநீதியையும் பதிவு செய்வது ஆய்வாளர் கடன். ஆங்கிலேய ஷூ அளவில் ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் இடைவெளி ஒரு வாற்கோதுமை மணியின் நீளம். அதாவது அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு. 6-ஆம் அளவுக்காரரைவிட 12-ஆம் அளவுக்காரர் ஆறு மணி, அதாவது இரண்டு அங்குலம், கூடுதல் நீளத்தில் ஷூ பெறுகிறார். பொதுவாக இருவருக்கும் ஒரே விலைதான். சிறிய பாதங்கள் பெரிய பாதங்களைத் தாங்கி நிற்கின்றன.

களஆய்வு

விலையில் கடையின் பங்கு எவ்வளவு என்பதற்கு ஒரு சான்று: 2018-இல் அமெரிக்காவின் மலிவு ஷூ நிறுவனமான பேலெஸ், சான்டா மோனிகாவில் ‘பலெஸ்ஸி’ என்ற இத்தாலிய வாடை வீசும் பெயரில் போலி ஆடம்பரக் கடை ஒன்றைத் திறந்தது. உள்ளே இருந்தவை 20 முதல் 40 டாலர் வரையிலான அதன் சொந்தச் சரக்குகள். அழைப்பின்பேரில் வந்த சமூக ஊடகப் பிரபலங்கள் ஒரு ஜோடிக்கு 640 டாலர் வரை கொடுத்தார்கள். பிறகு நிறுவனம் உண்மையைச் சொல்லிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. மறு ஆண்டு பிப்ரவரியில் பேலெஸ் திவால் மனு கொடுத்து, அமெரிக்காவிலிருந்த கடைகளை மூடத் தொடங்கியது. ஷூவை 20 டாலருக்கே விற்றதுதான் காரணம் என்று முடிவு கட்ட இந்த ஆய்வுக்குத் துணிவில்லை.

முடிபு

கறுப்பு ஜோடியில் கடை எடுக்கும் பாதி நியாயம். கருஞ்சிவப்புக்கான கூடுதல் தொகையை இரட்டிப்பது நியாயமன்று. தொழிற்சாலை கேட்ட 100, வரியோடு 120 ஆக வாங்குபவரிடம் வந்தால் போதும்.

அப்படியொரு கடையில் நிற்க நேரும் வாசகர் இரண்டு கேள்வி கேட்கலாம்: இந்தக் கூடுதல் பணத்தில் தொழிற்சாலைக்குப் போவது எவ்வளவு? வந்த ஷூ காலைக் கடித்தால் மாற்றித் தருவது யார்? பதில் வரும்வரை கறுப்பு ஜோடியைப் போட்டு நடந்து பார்க்கலாம். அது கடையிலேயே இருக்கும்.