தூங்கி எழுந்தவர் தீர்ப்பு

பங்குனி பிறந்துவிட்டால் பென்னாகரத்திலிருந்து ஏரியூர் போகிற பேருந்தில் இப்படி ஒரு பேச்சு காதில் விழும்.

"நேத்து துகில் எப்படி மாமா?"

"துகில் பரவால்ல. துச்சாதனன்தான் முன்ன மாதிரி இல்ல. ரெண்டு இழுப்புக்கே இளைச்சிட்டான்."

"பாஞ்சாலி?"

"அழுகை நல்லா இருந்துச்சி. ஆனா இடுப்பு பெருத்துப்போச்சி. அவனுக்கும் வயசாகுதில்ல?"

பக்கத்தில் வெளியூர்க்காரர் யாராவது இருந்தால், அடுத்த நிறுத்தத்தில் இறங்கிப் போலீஸ் நிலையத்துக்கு வழி கேட்கக்கூடும். உள்ளூர்க்காரர்கள் அசைய மாட்டார்கள். முந்தின ராத்திரி பக்கத்து ஊரில் நடந்த தெருக்கூத்துக்கு விமர்சனம் அது. பாஞ்சாலியை 'அவன்' என்றதிலும் பிழையில்லை. பெண் வேஷத்தையும் ஆண்களே கட்டுவது கூத்தில் பழைய வழக்கம்.

இந்த விமர்சனத்தைச் சொல்கிறவர்தான் கூத்து மாமா. ஏரியூர்ப் பக்கம் ஊருக்கு ஒருவராவது இப்படி இருப்பார். ராகியும் நிலக்கடலையும் போடுகிற மானாவாரி நிலம் கொஞ்சம் உண்டு. மழை பெய்தால் விவசாயி, பெய்யாவிட்டால் ரசிகர். பெய்யாத வருஷங்கள் அதிகமாகிவிட்டதால் ரசனை நன்றாக முற்றிவிட்டது.

உலகத்தில் எங்கே நாடகம் நடந்தாலும் இப்படிப்பட்டவர்கள் முளைத்துவிடுகிறார்கள். நியூயார்க்கின் பிராட்வேயில் 41 அரங்குகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் குறைந்தது 500 இருக்கை. அன்றைய காட்சிக்குத் தள்ளுபடி விலையில் டிக்கெட் விற்க, டைம்ஸ் சதுக்கத்தில் 1973 முதல் ஒரு சாவடி இயங்குகிறது. அந்த வரிசையில் நிற்கும்போது முன்பின் தெரியாதவர்கள்கூட 'இதைப் பாருங்கள், அதற்குக் காசைக் கொட்டாதீர்கள்' என்று ஒருவருக்கொருவர் புத்தி சொல்லிக்கொள்வார்கள். அங்கே 'தி ஃபேண்டம் ஆஃப் தி ஆப்பரா' 1988-இல் தொடங்கி 2023 வரை 13,981 முறை நடந்தது. நம் பக்கம் பாஞ்சாலியின் துகிலை எத்தனை முறை உரித்தார்கள் என்று யாரும் எண்ணி வைக்கவில்லை. எண்ணுவதற்கு நிறுத்தினால்தானே?

ஆனால் பிராட்வே ரசிகருக்கும் கூத்து மாமாவுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. அவர் நூறு டாலருக்கு மேல் கொடுத்துவிட்டு, தூக்கம் வந்தாலும் தொடையைக் கிள்ளிக்கொண்டு பார்ப்பவர். நம்மவர் தூங்குவதற்கென்றே பாயோடு போகிறவர்.

மாமா கூத்துக்குப் புறப்படும் நேர்த்தியைப் பார்க்க வேண்டும். கோரைப்பாய், போர்வை, தலைக்கு வைக்க மடித்த துண்டு, வெற்றிலைப் பை, டார்ச். பேரன் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தால், "நாற்காலி போட்டுப் பாக்க இது என்னா கட்சிக் கூட்டமா?" என்று திருப்பி அனுப்பிவிடுவார். களத்துக்கு வந்ததும் பாய் விரிக்க இடம் தேடுவதே ஒரு கலை. மத்தளக்காரருக்கு நேர் எதிரே விரிக்க மாட்டார், காது போய்விடும். கொட்டகையிலிருந்து வேஷம் வரும் வழியிலும் விரிக்க மாட்டார், துச்சாதனன் மிதித்துவிட்டுப் போவான். ஒலிபெருக்கிக்குக் கொஞ்சம் ஒதுங்கி, டீக்கடைக்குக் கொஞ்சம் நெருங்கி, பெண்கள் கூட்டத்தில் அழுகை தொடங்கினால் காதில் விழுகிற தூரத்தில் பாய் விரியும்.

பத்து மணிக்கு மத்தளமும் ஆர்மோனியமும் கூடும். கடவுள் வாழ்த்து முடிந்து கோமாளி வருவான். போடாத ரோட்டையும் வராத தண்ணியையும் சொல்லி, முன்வரிசையில் இருக்கிற பெரிய மனிதர்களைப் பேர் சொல்லாமல் வாருவான். அப்புறம் இரண்டு பேர் ஒரு துணியைத் திரையாகப் பிடிப்பார்கள். திரைக்குப் பின்னால் ராஜா வேஷம் பாடிக்கொண்டு ஆடும். மேலே கிரீடத்தின் நுனி தெரியும், கீழே சலங்கை கட்டிய கால் தெரியும். அந்தக் காலை மட்டும் மாமா உற்றுப் பார்ப்பார். "ம்... இவனா?" என்பார். துண்டைத் தலைக்கு வைப்பார். திரை விலகி ராஜா தன் பேரும் பெருமையும் சொல்லி முடிப்பதற்குள் குறட்டை கேட்கும்.

விடிய விடிய ராமாயணம் கேட்டவன் சீதைக்கு ராமன் சித்தப்பா என்றானாம். அந்தப் பழமொழியைச் சொன்னவர் கூத்துப் பக்கம் வந்ததில்லை என்று நினைக்கிறேன். இங்கே கதையைத் தெரிந்துகொள்ள யாரும் வருவதில்லை. பாரதக் கூத்து நடக்கிற ஊரில், பகலிலேயே பிரசங்கியார் வில்லிபாரதத்தைச் சொல்லி விளக்கிவிடுவார். அதற்கு முன்னால் பாட்டி சொல்லியிருப்பாள். யார் யாருக்குச் சித்தப்பா என்பது மாமாவுக்குத் தன் பங்காளிகளைவிடப் பாண்டவர்கள் விஷயத்தில் துல்லியமாகத் தெரியும். மிச்சம் இருக்கிற கேள்வி ஒன்றுதான். இந்த ராத்திரி இந்த வேஷக்காரன் என்ன செய்யப்போகிறான்?

அதற்கு மாமா வைத்திருக்கும் அளவுகோல்தான் தூக்கம்.

"எழுப்பணும்பா. படுத்திருக்கிறவனை எழுப்புறவன்தான் வேஷக்காரன்" என்பது அவர் சித்தாந்தம். அதில் படிகள் உண்டு. புரண்டு படுத்தால் வேஷம் தேறியது. கண் திறந்தால் நல்ல வேஷம். எழுந்து உட்கார்ந்தால் முதல் தரம். எழுந்து போய் நோட்டை நீட்டினால், அதைக் கோமாளி மைக்கில் பேர் சொல்லி அறிவித்தால், அந்த வேஷக்காரருக்கு அதற்குமேல் பட்டம் எதுவும் வேண்டியதில்லை. கேட்கிறவர்கள் தூங்கிவிடக் கூடாதே என்று மற்ற ஊர் நாடகக்காரர்கள் கவலைப்படுவார்கள். இங்கே தூங்கினால்தான் பரீட்சையே நடக்கும்.

சும்மா கத்தி எழுப்பினால் கணக்கில் சேராது. மைக் 'கீச்' என்றால் நாய்கூடத்தான் எழும். மத்தளம் சட்டென்று நடை மாறும்போது மாமாவின் கால்விரல் ஆடும். பின்பாட்டுக்காரர்கள் அடங்கி, பாஞ்சாலி ஒற்றைக் குரலில் முறையிட ஆரம்பித்தால் குறட்டை நிற்கும். துகிலில் கை வைப்பதற்கு முன்னால் துச்சாதனன் வேஷக்காரர் பாஞ்சாலியைக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிற வழக்கம் உண்டு. கற்பூரம் எரியும். அந்த வாசனைக்கு மாமா மட்டுமில்லை, பாய்ப் படுக்கை முழுவதும் எழுந்து உட்கார்ந்துவிடும். கையெடுத்துக் கும்பிடுகிற பெண்களுக்கு நடுவே, மாமா வெற்றிலையை மெல்லாமல் வாயில் வைத்தபடி இருப்பார். அப்போது அவர் விமர்சகர் இல்லை. அது முடிந்ததும் மறுபடியும் விமர்சகராகிப் படுத்துவிடுவார்.

வேஷக்காரர்களுக்கும் இது தெரியும். தலையில் கிரீடம், தோளில் புஜக்கட்டை, மார்பில் பதக்கம் என்று கட்டைச் சாமான் அத்தனையும் சுமந்து கிறுகிறுவென்று சுற்றும்போதும், மாமா படுத்திருக்கும் மூலைமேல் ஒரு கண் இருக்கும். சில துரியோதனர்கள் பீமனை விட்டுவிட்டு அந்தப் பாயைப் பார்த்தே தொடை தட்டியிருக்கிறார்கள்.

விடிந்ததும் டீக்கடையில் தீர்ப்பு. அங்கே மாமா தனி ஆள் இல்லை, எதிர்க்கட்சிகள் உண்டு. மத்தளத்தை மட்டும் கேட்கிறவர் ஒருவர். பாஞ்சாலி வந்தாளா போனாளா என்றுகூடத் தெரியாது, "மூணாவது பாட்டுல தாளம் நழுவிச்சி" என்பார். அந்தக் காலத்து ஆள் இன்னொருவர். எந்த வேஷத்தைச் சொன்னாலும், "அதெல்லாம் பழைய செட்டு ஆடணும். கர்ணன் விழுந்தா மண்ணு தெறிக்கும்" என்பார். செத்துப்போன வேஷக்காரர்கள் தப்பே செய்ததில்லை என்பது அவர் கட்சி. ஒரு பாட்டி டீக்கடைக்கு வருவதில்லை. வாசலில் சாணி தெளித்துக்கொண்டே, "எனக்குக் கண்ணுல தண்ணி வர்ல" என்று ஒரு வார்த்தை சொல்வாள். அதற்கு மேல்முறையீடு கிடையாது.

திருவிழாவுக்கென்று பெங்களூரிலிருந்து வந்திருக்கும் கட்டட வேலைக்காரப் பையன் ஒருவன் இருப்பான்.

"மாமா, இந்த அபிமன்யுவைவிட யூடியூப்ல ஒருத்தன் சூப்பரா ஆடுறான். ரெண்டு மடங்கு வேகத்துல வெச்சிப் பாத்தேன், அரை மணி நேரத்துல செத்துட்டான்."

"சரிடா மாப்ள. பாத்துக்கிட்டே தூங்கிட்டா அது உன்ன எழுப்புமா?"

"அது பாட்டுக்கு ஓடும்."

"நீ தூங்குனதுகூட அவனுக்குத் தெரியாதில்ல? அப்புறம் யாருக்குடா ஆடுறான்?"

பையன் டீக்குக் காசு கொடுத்துவிட்டு நகர்வான்.

மாமாவின் விமர்சன மொழி சிக்கனமானது. 'குரல் ஏறல' என்றால் உச்சத்தில் எட்டவில்லை. 'மைக்கை முழுங்குறான்' என்றால் உடம்பில் ஆட்டமில்லை, ஒலிபெருக்கியை நம்பிப் பிழைக்கிறான். 'சினிமாப் பாட்டு சேத்துட்டான்' என்றால் அந்தச் செட்டின் பேரை இனிமேல் எடுக்காதே. 'அடவு சுத்தம்' என்பது அபூர்வம். அதை அவர் சொல்லிவிட்டால் கேள்விப்பட்ட வேஷக்காரர் மாதக்கணக்கில் அதையே சொல்லித் திரிவார்.

சிபாரிசு செய்வதில்தான் மாமாவின் அனுபவம் முழுக்கத் தெரியும். பிராட்வே ரசிகர் 'உங்களுக்குச் சிரிப்பு பிடிக்குமா, பாட்டு பிடிக்குமா?' என்று கேட்டுவிட்டு நாடகத்தைச் சொல்வார். மாமா நாட்டு வைத்தியர் மாதிரி, முதலில் கஷ்டத்தைக் கேட்பார். மழையில்லையா? விராட பருவம் வை. மேட்டூர் அணையில் தண்ணீர் வற்றி, பண்ணவாடிப் பக்கம் முழுகிக் கிடந்த ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி தலை காட்டுகிற வருஷத்தில் இதில் அவர் மறுபேச்சுக் கேட்க மாட்டார். வீட்டில் பெரியவர் தவறிவிட்டாரா? காரியத்துக்குக் கர்ண மோட்சம். பிள்ளை வேண்டுமா? அர்ச்சுனன் தபசு. உயரமாக நட்ட தபசு மரத்தில் ஏறி அர்ச்சுனன் வீசுகிற எலுமிச்சம்பழத்துக்கு முந்தானையை ஏந்து. வெறுமனே பொழுது போகவில்லையா? "வீட்டுல டிவி இருக்குதில்ல, அதப் பாரு."

நல்ல செட்டு என்று கேள்விப்பட்டால் தூரம் பார்க்க மாட்டார். நாகமரைத் துறையில் படகு ஏறி, அணைத் தண்ணீரைக் கடந்து பண்ணவாடியில் இறங்கி, கொளத்தூர்ப் பக்கம் போய்ப் படுத்துத் தூங்கிவிட்டு வருவார். "இம்மாந்தூரம் போய்த் தூங்கணுமா?" என்று வீட்டம்மா கேட்பாள். "வீட்டுல தூங்குனா எழுப்ப நீ ஒருத்திதான் இருக்கிற" என்பார் மாமா.

கூத்தின் பெருமையை வெளியே சொன்னவர்கள் இருக்கிறார்கள். புரிசை கண்ணப்பத் தம்பிரானின் ஆட்டத்தில் மனசைப் பறிகொடுத்த ந. முத்துசாமி, தெருக்கூத்தைப் பற்றி 'அன்று பூட்டிய வண்டி' என்று புத்தகமே எழுதினார். அவர் 1977-இல் சென்னையில் தொடங்கிய கூத்துப்பட்டறையிலிருந்து சினிமாவுக்குப் போன நடிகர்கள் பலர். பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் இதையெல்லாம் மாமாவுக்குச் சொல்லிவிட்டு, இன்னொரு சேதியும் சொன்னார். பீட்டர் புரூக் என்கிற வெள்ளைக்காரர் 1985-இல் மகாபாரதத்தை நாடகமாக்கினார். பிரான்சில் அவின்யோனுக்குப் பக்கத்தில், ஒரு கல் குவாரியில், ஒன்பது மணி நேரம். சில நாள் ராத்திரி தொடங்கி விடிகிற வரைக்கும் நடந்தது.

மாமா மரியாதையாகக் கேட்டார். "ஒம்பது மணி நேரம் சரி சார். அது ஒரு ராத்திரி. பதினெட்டு நாள் பாரதத்துல மீதிப் பதினேழு ராத்திரி என்னா பண்ணாங்க?"

"அவ்வளவுதாங்க. ஒன்பது மணி நேரத்தில் முழு பாரதமும் முடிந்துவிடும்."

"சனங்க?"

"எல்லோருக்கும் இருக்கை உண்டு. உட்கார்ந்து பார்த்தார்கள்."

மாமாவின் முகத்தில் இரக்கம் வந்தது. "விடிய விடிய உக்காந்தேவா? படுக்கவே உடலையா? அப்புறம் ஆட்டம் நல்லா இருந்துச்சா இல்லையான்னு எப்பிடிக் கண்டுபிடிச்சாங்க?"

இதெல்லாம் வெட்டிப்பேச்சு இல்லை என்பது, அடுத்த வருஷத் திருவிழாவுக்குக் கோயில் முன்னால் ஊர் கூடும்போது தெரியும். எந்தச் செட்டுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அட்வான்ஸ் கொடுப்பது என்று பேச்சு நடக்கும். ஒரு செட்டுக்கு ஒரு சீசன் பிழைப்பு அந்தப் பேச்சில் இருக்கிறது. பிராட்வேயில் தப்பான சிபாரிசைக் கேட்டுப் போனவருக்கு டிக்கெட் காசோடு போயிற்று. இங்கே சிபாரிசு பொய்த்தால், சொன்னவர் அடுத்த திருவிழா வரை ஊருக்குள் அதற்குப் பதில் சொல்ல வேண்டும். அதனால் கையைக் காலை ஆட்டி நிறையப் பேசுகிறவர்கள்கூட, முடிவு என்று வந்ததும் மாமாவின் பக்கம் திரும்பிவிடுவார்கள்.

போன தடவையும் அப்படித்தான். இளவட்டங்கள் ஆடல் பாடல் வைக்கலாம் என்றார்கள், பெரியவர்கள் முறைத்தார்கள். வசூல் கணக்கு வைத்திருப்பவர் போன வருஷச் செட்டையே மறுபடியும் வைக்கலாம், பணம் குறைத்துக் கேட்கிறார்கள் என்றார். அந்தக் காலத்து ஆள் பழைய செட்டைப் பற்றித் தொடங்கினார், யாரும் காது கொடுக்கவில்லை. கடைசியில் நாட்டாமைக்காரர் கேட்டார்.

"என்னா மாமா, போன வருஷச் செட்டையே சொல்லிடலாமா?"

"வேணாம்."

"ஏன்? எல்லாரும் நல்லாத்தான் இருந்துச்சின்னாங்க. உடை புதுசு, லைட்டு புதுசு, ஒரு தப்பு இல்ல."

"தப்பே இல்ல" என்றார் மாமா. "ராத்திரி பூரா அப்பிடியொரு தூக்கம்."

வெற்றிலை பாக்கு வேறு செட்டுக்குப் போனது.