மதிப்புரைத் தூர விதி: சிவகிரியை முன்வைத்து

புத்தக மதிப்புரையில் நடை, நோக்கு, கோட்பாடு எல்லாவற்றையும் அலசுகிற நம் அறிஞர்கள், எழுதியவர் எந்த ஊரிலிருந்து எழுதினார் என்பதை மட்டும் அளந்து பார்ப்பதில்லை. வெளியீட்டு விழா மேடைக்கும் மதிப்புரையாளரின் வீட்டுக்கும் இடையே தூரம் கூடக் கூட, மதிப்புரையில் உண்மையும் கூடும் என்பதே இக்கட்டுரை நிறுவ முற்படும் விதி. சோதனைக்குச் சிவகிரியை எடுத்துக்கொள்வது பொருத்தம். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்து ஊர். சென்னையிலிருந்து 550 கி.மீ.க்கு மேல். முன்பு சங்கரன்கோவில் வட்டத்தில் இருந்தது, பிறகு தானே வட்டத் தலைமையிடமானது. 2019இல் தென்காசி மாவட்டம் பிறந்தபோது திருநெல்வேலியையும் விட்டு விலகியது. தலைமையிடங்களிலிருந்து இவ்வளவு சீராக விலகிவரும் ஓர் ஊரில் வாடகைக்குக் குடியிருந்து, பத்திரிகைகளுக்கு மதிப்புரை எழுதிப் பிழைக்கும் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம்.

முதற்சான்று இலக்கணத்திலேயே இருக்கிறது. தொல்காப்பியத்துக்குப் பாயிரம் செய்த பனம்பாரனார், தொல்காப்பியருடன் ஒருசாலை மாணாக்கர் என்பது உரைமரபு. ஆக, கைக்குக் கிடைக்கிற மிகப் பழைய தமிழ் மதிப்புரையே கூடப் படித்தவர் எழுதிக் கொடுத்தது. நன்னூல் இதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டது. தன்னைத்தானே புகழ்வது தகாது என்று சொல்லும் அந்நூல், சிறப்புப் பாயிரம் தர உரியவர் நால்வர் என்கிறது: ஆசிரியர், உடன் கற்றவர், மாணாக்கர், உரைகாரர். நாலு பேரில் ஒருவராவது வேற்றாள் உண்டா? அதே நன்னூல் நூலுக்கு வரக்கூடிய பத்துக் குற்றங்களையும் வரிசைப்படுத்துகிறது. கூறியது கூறல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல் என்று இன்றைய நாவல்கள் பலவற்றைப் படித்துவிட்டு எழுதியதுபோல இருக்கும். ஆனால் புகழ நாலு பேரை நியமித்தவர், குற்றம் காண ஒருவரையும் நியமிக்கவில்லை. அந்தக் காலியிடத்தில்தான் சிவகிரிக்காரர் உட்கார்ந்திருக்கிறார். தொல்காப்பிய அரங்கேற்றத்தில் அதங்கோட்டாசான் குறுக்குக் கேள்வி கேட்கவில்லையா என்று சிலர் மறுக்கலாம். கேட்டார்தான். அதங்கோடு இன்றைய குமரி மாவட்டத்தில் இருப்பதாகச் சொல்கிறார்கள். அது சிவகிரிக்கும் தெற்கே. விதிக்கு இதைவிடப் பழைய சாட்சி வேண்டியதில்லை.

தூரம் எப்படி வேலை செய்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். சென்னையில் இருப்பவருக்கு அழைப்பிதழ் வருகிறது, முன்வரிசை நாற்காலி வருகிறது, பொன்னாடை வருகிறது. பொன்னாடை போர்த்திய தோளோடு ஒருவர் கூறியது கூறலைச் சுட்டிக்காட்ட முடியாது. சிவகிரிக்கு வருவது புத்தகப் பொட்டலம் ஒன்றுதான். 1954ஆம் ஆண்டுச் சட்டம், பதிப்பாளர் ஒவ்வொரு நூலிலும் நான்கு பிரதிகளை நான்கு பொது நூலகங்களுக்கு இலவசமாக அனுப்பச் சொல்கிறது. சென்னை கன்னிமாரா அவற்றில் ஒன்று. பத்திரிகைகளோ சட்டம் ஏதுமின்றியே ‘மதிப்புரைக்கு இரண்டு பிரதிகள் அனுப்பவும்’ என்று ஒரு வரி போட்டு வாங்கிவிடுகின்றன. அவற்றில் ஒன்று மதிப்புரையாளருக்கு. பெரும்பாலும் அதுவே கூலி, களத்தில் அளந்து கொடுத்த நெல்லைப் போல. பக்கத்துப் புளியங்குடியில் எலுமிச்சைக்குத் தினமும் விலை வைக்கிறார்கள். மதிப்புரைக்கு அப்படி ஒரு சந்தை இல்லை. பதராகவே அளந்து போட்டால் களத்தில் நிற்பவர் சத்தம் போடுவார், அது இயற்கை. பொன்னாடை வாங்கியவருக்குத்தான் பதர் கண்ணில் படாது.

புதுமைப்பித்தன் சென்னையிலிருந்துகொண்டே அடித்து நொறுக்கினாரே என்பது வலுவான மறுப்பு. அவர் உடம்பு சென்னையில் இருந்தது உண்மை. வாய் கடைசிவரை திருநெல்வேலியில் இருந்தது. தூரத்தை வாயிலிருந்தே அளக்க வேண்டும். எழுத்தையே தொழிலாக நம்பி வாழ்ந்து, பட்டியல் போட்டே பகை சேர்த்த க.நா.சு. பல ஆண்டுகள் டெல்லியில் குடியிருந்தார் என்பதைச் சொன்னால் போதும். இன்னொரு மறுப்புத்தான் விதியை நிஜமாகவே ஆட்டுகிறது: சிவகிரிக்காரரும் எழுத்தாளர், அவரிடமும் ஒரு நாவல் இருக்கிறது. அதன் கைப்பிரதி சென்னைப் பதிப்பகம் ஒன்றுக்குப் போய்ச் சேர்ந்த அன்றே சிவகிரி இடம் பெயர்ந்து தாம்பரத்துக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. அதற்குப் பிறகு அந்தப் பதிப்பக நூல்கள் எல்லாம் ‘தவறவிடக் கூடாதவை’ ஆகின்றன. கைபேசியும் இதே வேலையைத்தான் செய்கிறது, ‘படிச்சிட்டீங்களா அண்ணாச்சி?’ என்று ஆசிரியரே கேட்டுவிட்டால் நூறு கிலோமீட்டராவது குறைந்துபோகும்.

2024 டிசம்பரில் அஞ்சல் துறை பதிவுப் புத்தக அஞ்சலை நிறுத்தியதிலிருந்து பொட்டலம் அனுப்பும் செலவு ஏறிவிட்டது, பி.டி.எஃப். போதுமா என்று கேட்கும் காலம். பி.டி.எஃப்.பைப் பழைய புத்தகக் கடையில் போடவும் முடியாது. ஆகவே ஒரு பரிந்துரை: மதிப்புரையின் தலையில் பக்கம், விலை, பதிப்பகம் போடுவதோடு, எழுதியவருக்கும் விழா மேடைக்கும் இடைப்பட்ட தூரத்தையும் கிலோமீட்டரில் அச்சிட வேண்டும். அவருடைய கைப்பிரதி தற்சமயம் எந்தப் பதிப்பகத்தில் கிடக்கிறது என்பதையும் அடைப்புக்குறிக்குள் சேர்த்தால் நலம்.